மெர்லயனின் முகம் தெரிய வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, டார்ம் என்கிற தொழிலாளர் விடுதிக் கூட்டாளிகளோடு மெர்லயனுக்குப் போவது எங்கள் வழக்கம். சிங்கத்தலையும் மீனுடலுமாக, வாயிலிருந்து நீர் பீய்ச்சும் சிலை அது. ஊருக்கு அனுப்ப எல்லாருக்கும் ஒரு படம் வேண்டும். கேமரா என்னிடம்தான் இருக்கிறது. முதல் வருடம் எடுத்த படங்கள் எதிலும் சிங்கத்துக்கு முகமே இல்லை. வெள்ளையாக ஒரு திட்டு, அதிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு. சிற்பி லிம் நாங் செங் வடித்து 1972இல் திறக்கப்பட்ட சிலை அது. பிடரியிலும் செதிலிலும் எத்தனை வேலைப்பாடு! அது படத்தில் விழாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் நேரம். சிங்கப்பூரில் 7 மணியை ஒட்டிச் சூரியன் மறையும், மறைந்ததும் விறுவிறுவென்று இருட்டிவிடும். மறைந்த பின் 15ஆவது நிமிடத்திலிருந்து 30ஆவது நிமிடம் வரை வானம் கருநீலமாக நிற்கும். விளக்கொளியும் வானமும் ஒன்றையொன்று அமுக்காத நேரம் அதுதான். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள்.

இடம் என்றால் எனக்கு ஜூபிலி பாலம்தான், மெர்லயன் பூங்காப் பக்கத்து முனை. சிங்கம் இடப்பக்கம் பார்த்து நீரைப் பீய்ச்சும்; அந்தப் பக்கமே தூரத்தில் மரினா பே சேண்ட்ஸின் மூன்று கோபுரங்கள். பாலத்தில் ஆட்கள் ஓடினால் கேமராவைத் தாங்கும் ட்ரைபாட் அதிரும், அவர்கள் கடக்கும்வரை பொறுங்கள். சிலைக்கு எதிரே உள்ள மேடையில் நின்றால் காற்று திரும்பும்போது சாரல் லென்ஸில் படியும். மெல்லிய துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

கேமராவை ஆட்டோ முறையில் விட்டால் சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் எடுத்து ஒளியைக் கூட்டி, ஏற்கெனவே வெளிச்சத்தில் நிற்கும் வெள்ளைச் சிலையைச் சுட்டுப் பொசுக்கிவிடும். நாமே அளவு வைக்கும் மேனுவல் முறையில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கால் விநாடி என்று தொடங்குங்கள். கேமராத் திரையில் சிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் அதிகம் என்ற எச்சரிக்கை மினுக்கினால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். ஷட்டரைத் தொடாதீர்கள், நீரின் உருவம் அதில்தான் இருக்கிறது. 1/500 விநாடி வைத்தால் நீர் துளி துளியாக உறைந்து நிற்கும். பத்து விநாடி வைத்தால் பஞ்சுப் புகைதான், வேகமே தெரியாது. கால் விநாடியில் இழை இழையாகப் பிரிந்து விழும் அந்த நீர்தான் என் கண்ணுக்கு உயிருள்ள நீர். ஃபோகஸைப் பிடரி மயிரில் கையால் வையுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, 2 விநாடி டைமரில் எடுங்கள்.

போன்தான் இருக்கிறதா? முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, சிங்கத்தின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். போதும்.

இனி ஆள் படம். கூட்டாளியைச் சிலைக்கு அருகே நிறுத்த வேண்டாம். சிலை 8.6 மீட்டர் உயரம். அதன் காலடியில் நின்றால் ஆள் எறும்புதான். உங்களிடமிருந்து இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். பிளாஷின் வலுவைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, அதே கால் விநாடியில் எடுங்கள். பிளாஷ் அடித்ததும் எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். “நான் சொல்லும்வரை அசையாதே தம்பி” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரில் அந்தப் படத்தைக் கையில் வாங்கும் அம்மா முதலில் தேடுவது அவன் முகத்தைத்தான்.