கூகுள் படிவத்தில் பதிவை நிறுத்துவது எப்படி: ஒட்டுக்கன்று முன்பதிவை முன்வைத்து

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, காரிமங்கலம் வட்டாரங்களில் மா ஒட்டுக்கன்றுகளுக்கு முன்பதிவு வாங்கும் விவசாயக் குழுவாக இருந்தாலும், பாலக்கோட்டிலோ அரூரிலோ பொங்கல் கபடிப் போட்டிக்கு அணிகளைச் சேர்க்கும் இளைஞர் மன்றமாக இருந்தாலும், நோட்டுப் புத்தகத்தின் இடத்தில் இப்போது கூகுள் படிவம் வந்து அமர்ந்திருக்கிறது. படிவத்தைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பலருக்கும் கைவந்த வேலையாகிவிட்டது. அதை உரிய நேரத்தில் நிறுத்துவதில்தான் தடுமாற்றம் ஏற்படுகிறது. கன்று தீர்ந்த பிறகும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பெயர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் 'உங்கள் பதில் பதிவாகிவிட்டது' என்ற செய்தியும் தவறாமல் போய்ச் சேரும். அதைப் பார்த்தவர் தமக்குக் கன்று உறுதி என்று நம்பிக் குழி வெட்டி வைத்துவிட்டால், பிறகு யார் போய்ச் சமாதானம் சொல்வது?

முதலில், எவையெல்லாம் படிவத்தை நிறுத்தாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குழுவில் போட்ட இணைப்பை 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழித்தாலும், அதற்குள் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களின் கையில் இணைப்பு அப்படியே இருக்கும். பதில்கள் வந்து விழும் கூகுள் ஷீட்டை அழித்தாலோ, படிவத்திலிருந்து அதன் தொடர்பைத் துண்டித்தாலோ பதிவு நிற்பதில்லை; ஏனெனில் பதில்கள் படிவத்துக்குள்ளேயே தனியாகச் சேமிக்கப்படுகின்றன, ஷீட்டில் இருப்பது அவற்றின் நகல்தான். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாடு ஒரே கணக்கிலிருந்து மீண்டும் பதிவதைத் தடுக்குமே தவிர, புதிதாக வருபவரைத் தடுக்காது. படிவத்தையே அழித்துவிட்டால் பதிவு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் குப்பைத்தொட்டிக்குப் போன கோப்பு 30 நாள்களில் நிரந்தரமாக நீங்கிவிடும் என்பதால், அதுவரை வந்த பதில்களையும் சேர்த்து இழக்க நேரிடலாம். இதை ஒரு வழியாகவே நான் கருதுவதில்லை.

சரியான வழி ஒரே ஒரு பொத்தான்தான். படிவத்தை உருவாக்கிய ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கூகுள் டிரைவிலிருந்து படிவத்தைத் திருத்தும் பக்கமாகத் திறக்க வேண்டும். கைப்பேசியில் செய்பவர்கள் குரோம் போன்ற உலாவியிலேயே இதைச் செய்யலாம். பழைய தோற்றத்தில் 'ரெஸ்பான்சஸ்' என்ற பகுதிக்குள் சென்றால் 'அக்செப்டிங் ரெஸ்பான்சஸ்' என்ற பொத்தான் தென்படும். 2025-இல் கூகுள் படிவங்களில் வெளியீடு என்ற படிநிலையைச் சேர்த்த பிறகு, பக்கத்தின் மேற்புறத்தில் உள்ள 'பப்ளிஷ்டு' என்பதை அழுத்தினால் அதே பொத்தான் அங்கே கிடைக்கிறது. அதை அணைத்துவிட்டால் அந்த நொடியிலிருந்து புதிய பதில் எதுவும் உள்ளே வராது. அதுவரை வந்த பதில்கள் அப்படியே இருக்கும். மீண்டும் திறக்க வேண்டுமானால் அதே பொத்தானை இயக்கினால் போதும், பழைய இணைப்பே வேலை செய்யும்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூடிய படிவத்தைத் திறப்பவர் என்ன பார்க்கிறார் என்பதுதான், மறுநாள் காலையில் உங்கள் தொலைபேசி எத்தனை முறை ஒலிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், இந்தப் படிவம் இனிப் பதில்களை ஏற்பதில்லை, இது தவறு என்று நினைத்தால் உரிமையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் கூகுளின் பொதுவான வாசகம் தோன்றும். உரிமையாளர் யார், எங்கே பார்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. பொத்தானை அணைத்ததும் பதிலளிப்பவர்களுக்கான செய்தி எழுத ஒரு பெட்டி கிடைக்கும். அதில் நம் ஊர் வழக்கத்தில், தமிழில், நான்கு வரி எழுதிவைக்க வேண்டும். ஓர் ஒட்டுக்கன்றுக் குழு இப்படி எழுதலாம்:

"மா ஒட்டுக்கன்று முன்பதிவு ஜூலை 20 இரவு 10 மணியுடன் முடிந்தது. அதற்குள் பதிந்தவர்களின் பட்டியல் வரும் செவ்வாய்க்கிழமை குழுவில் வெளியிடப்படும். இப்போது இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களின் விவரம் எங்களுக்கு வந்து சேரவில்லை. யாரேனும் வேண்டாம் என்று விடும் கன்றுகளைப் பெற விரும்புவோர் சந்தையன்று காலையில் குழு அலுவலகத்துக்கு நேரில் வந்து பெயர் கொடுக்கலாம்."

இதில் மூன்றாவது வாக்கியம் முக்கியமானது. படிவம் திறந்திருந்தபோது நிரப்பத் தொடங்கி, மூடிய பிறகு 'சப்மிட்' அழுத்தியவருக்கும் இதே பக்கம்தான் வரும். அவர் நிரப்பியது பதிவாகியிருக்காது. அதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், 'நான் எல்லாவற்றையும் நிரப்பினேனே' என்ற வழக்கு ஒன்று நிச்சயம் வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கோ கன்னடமோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் குழுவில் இருக்கலாம் என்பதால், அங்கே அந்த மொழியிலும் ஒரு வரி சேர்ப்பது நல்லது. எழுதி முடித்ததும், கணக்கில் நுழையாத மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இணைப்பைத் திறந்து, மற்றவர்கள் பார்ப்பது இதுதானா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடும் நேரத்தைத் தேர்வதும் ஊரைப் பொறுத்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போய் வார இறுதியில் வீடு திரும்புகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலைக் கெடுவால் பயனில்லை. ஞாயிறு இரவுதான் பொருந்தும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பக்கத்து ஊர்களில் சிக்னல் வந்து போகும் இடத்தில் இருப்பவர் பகலில் நிரப்பியது இரவில்தான் போய்ச் சேரக்கூடும். ஆகவே, இரவு 8 மணி என்று அறிவித்துவிட்டு 10 மணிக்கு மூடுவதை நான் பரிந்துரைப்பேன். எத்தனை மணிக்கு மூடினோம் என்பதைத்தான் செய்திப் பெட்டியில் எழுத வேண்டும். மூடிய பிறகு வரும் வேண்டுகோளுக்கு இரங்கி ஒருவருக்காக மட்டும் படிவத்தைத் திறந்தால், திறந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அவருடைய விவரத்தைக் கையால் ஷீட்டில் சேர்ப்பதே மேல்.

நள்ளிரவில் கண்விழித்து அணைக்க முடியாதவர்களுக்குத் தானாக மூடும் ஏற்பாடுகள் உண்டு. 'ஃபார்ம்லிமிட்டர்' என்ற துணைச்செயலியைப் படிவத்தில் சேர்த்துக்கொண்டால், குறித்த நாளும் நேரமும் வந்ததும், அல்லது பதில்களின் எண்ணிக்கை ஓர் அளவைத் தொட்டதும், அல்லது ஷீட்டின் குறிப்பிட்ட கட்டத்தில் குறிப்பிட்ட மதிப்பு வந்ததும் படிவம் மூடப்படும். அது உங்கள் படிவங்களை அணுக அனுமதி கேட்கும். அந்த அனுமதித் திரையைப் படித்துப் பார்த்து, ஒப்புதல் இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாகப் படிவத்தை மூடும் ஓரிரண்டு வரிகளையும், அவற்றைக் குறித்த நேரத்தில் இயக்கும் 'டிரிகர்' ஒன்றையும் அமைத்துக் கொடுக்கச் சொல்லலாம். அப்போது நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கபடிப் போட்டிக்கு 16 அணிகள் என்றால் 16 பதில்களில் நிறுத்திவிடலாம். ஆனால் கன்று விஷயத்தில் பதில்களின் எண்ணிக்கையும் கன்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பத்து மீட்டர் இடைவெளியில் நடுபவருக்கு ஏக்கருக்குச் சுமார் 40 கன்றுகள் தேவைப்படும். கொல்லைப்புறத்தில் நடுபவர் இரண்டோ மூன்றோ கேட்பார். மொத்தம் 1,200 கன்றுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் கூட்டுத்தொகை 1,184 ஆகியிருக்கும்போது அடுத்தவர் 40 கேட்டால் கணக்கு 1,224 ஆகிவிடும், 24 கன்றுகள் இல்லாமல் போகும். இதைத் தவிர்க்க, கன்று எண்ணிக்கை கேட்கும் கேள்வியில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' வசதியைப் பயன்படுத்தி 1 முதல் 40 வரையிலான எண்ணை மட்டும் ஏற்குமாறு முதலிலேயே அமைத்துவிட வேண்டும். பிறகு, பதில்கள் விழும் தாளில் அல்லாமல் அதே கோப்பின் வேறொரு தாளில், அந்த நெடுவரிசை முழுவதையும் கூட்டி, கூட்டுத்தொகை 1,160 அல்லது அதற்கு மேல் ஆனால் 'நிறைந்தது' என்று காட்டும் இஃப் சூத்திரம் ஒன்றை ஒரு கட்டத்தில் எழுதி, அந்தச் சொல் வந்தால் மூடுமாறு துணைச்செயலிக்குச் சொல்ல வேண்டும். 1,159-இல் இருக்கும்போது ஒருவர் 40 கேட்டாலும் 1,199-தான் ஆகும். மிச்சமாகும் கன்றுகளைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவர் கூடுதலாக உள்ளே வந்துவிடுவதும் நடக்கக்கூடும் என்பதால், கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பதில்களின் எண்ணிக்கையை வைத்து மூடுபவர்கள், சோதனைக்காகத் தாங்களே அனுப்பிப் பார்த்த பதில்களைப் படிவத்துக்குள் சென்று நீக்கிவிட வேண்டும்; ஷீட்டில் வரிசையை அழிப்பதால் படிவத்தின் கணக்கு குறையாது.

பட்டாவின் படத்தைப் பதிவேற்றச் சொல்லும் படிவங்களுக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. அந்தப் படங்கள் படிவ உரிமையாளரின் டிரைவில் சேர்கின்றன. இலவசக் கணக்கின் 15 ஜிபி இடம் நிறைந்துவிட்டாலோ, அந்தப் படிவத்துக்கு வைத்திருக்கும் கோப்பு அளவு வரம்பு எட்டப்பட்டாலோ, நீங்கள் மூடாமலேயே படிவம் நின்றுவிடும். பதிவு திடீரென்று நின்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

படிவத்தை உருவாக்கியவர் ஊரில் இல்லாத நேரத்தில் மூட வேண்டிய நிலை வரும். அதற்காகக் கடவுச்சொல்லைப் பகிர வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய இன்னொருவரைத் திருத்தும் உரிமையுடன் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் அவரும் பொத்தானை அணைக்கலாம். அவர் எல்லாப் பதில்களையும் பார்க்கவும் அழிக்கவும் முடியும் என்பதால், ஒருவரோ இருவரோ போதும், குழு முழுவதும் வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். அமைப்புகளில் பதில் ஏற்பதற்கான தேர்வை நீக்கினால் பதிவு நின்றுவிடும். முடிவுத் தேதியும் நேரமும் அங்கேயே குறிக்கலாம், துணைச்செயலி தேவையில்லை.

மூடிய பிறகு பட்டியலை நேர முத்திரை வரிசையில் அடுக்கி, ஒரே தொலைபேசி எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் இழுக்கும் இடத்திலிருந்து இருமுறை அனுப்பியவர்கள் அநேகமாக இருப்பார்கள். பதில்களின் சுருக்கத்தைப் பதிலளித்தவர்களுக்குக் காட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஊரார் தொலைபேசி எண்களெல்லாம் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியக்கூடும். அதையும் அப்போதே அணைத்துவிட வேண்டும். கன்று விநியோகம் முடிந்து கணக்கும் ஒப்படைக்கப்பட்டதும், படிவத்தின் பதில்கள் பகுதியிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி எல்லாப் பதில்களையும் நீக்கலாம். ஷீட்டில் உள்ள நகலும், டிரைவில் தனிக் கோப்புறையில் சேர்ந்திருக்கும் பட்டாப் படங்களும் அதனால் நீங்குவதில்லை. அவற்றைத் தனித்தனியே அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.