பழைய தையல் மிஷினுக்குப் புது பெல்ட்: அளந்து வாங்குவது எப்படி?

எங்கள் ஆச்சியின் கால் மிஷின் சிங்கர். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலையையே 1980இல் மூடிவிட்டார்கள். மிஷின் இன்னும் ஓடுகிறது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், பாவாடைக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது பெல்ட் அறுந்தது. அறுந்ததை இஞ்ச் டேப்பில் அளந்து, அதே நீளத்துக்குப் புதுசை வெட்டி மாட்டினேன். மிதி ஆடுகிறது, கீழே பெரிய சக்கரம் சுற்றுகிறது, மேலே ஒன்றும் நகரவில்லை. சரி, ஒரு இஞ்ச் குறைக்கலாம் என்று உட்கார்ந்து, அவசரத்தில் மூன்று இஞ்ச் வெட்டினேன். அந்தப் பெல்ட் அத்தோடு போயிற்று.

இரண்டாவது பெல்ட் வாங்கப் போனபோது ரிப்பேர் பார்க்கிற அண்ணன் சொன்னார்: "அறுந்ததை வச்சு அளக்காதம்மா, அது வருஷக்கணக்கா இழுபட்டு நீண்டு போனது. மிஷின்லயே நூலைச் சுத்தி அளந்துக்கோ." கீழே சொல்லப்போவதில் பாதி இதுதான்.

முதலில், கோளாறு பெல்ட்டில்தானா?

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வலது பக்கச் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கிச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெல்ட்டைச் சந்தேகப்படலாம். கல்லு மாதிரி இறுகிக் கிடந்தால், பாபின் பக்கம் நூல் சிக்கியிருக்கும், இல்லை பழைய எண்ணெய் பிசினாகிப்போயிருக்கும். அதற்குப் புது பெல்ட் வாங்கி என்ன பயன்? சக்கரத்தின் காடியில், அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்தில், எண்ணெய் வழிந்திருந்தாலும் பெல்ட் வழுக்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் மிஷின் எந்த வகை?

காலால் மிதிப்பது என்றால் உருண்டையான தோல் பெல்ட். பக்கத்தில் சின்ன மோட்டார் மாட்டியிருந்தால் அதற்கு வேறு பெல்ட், கடைசியில் சொல்கிறேன். பெல்ட்டே இல்லாத பழைய மிஷின்களும் உண்டு. சிங்கர் 201இல் சில மாடல்களுக்கு மோட்டார் உடம்போடு சேர்ந்தே இருக்கும், பல்சக்கரம்தான் ஓட்டும். அது உங்களிடம் இருந்தால் பெல்ட் தேடி அலைய வேண்டாம்.

கால் மிஷினுக்கு அளவெடுப்பது

நீளாத நூல் வேண்டும். சணல் கயிறு போதும். எலாஸ்டிக், கம்பளி நூல் ஆகாது. மேல் சக்கரத்தின் காடியில் நூலைப் போட்டு, இரண்டு முனையையும் மேசையில் இருக்கும் இரண்டு ஓட்டை வழியாகக் கீழே இறக்குங்கள். பெரிய சக்கரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தொய்வில்லாமல் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் மையால் குறியிடுங்கள். அந்தக் குறி வரை அளந்தால் அதுதான் நீளம். பெரும்பாலும் 6 அடிக்குப் பக்கத்தில் வரும். கடையில் தோல் பெல்ட்டைக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில்தான் தருவார்கள், வெட்டிக்கொள்வது நம் வேலை.

தடிமனைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். வீட்டுக் கால் மிஷினுக்கு வழக்கமாக 3/16 இஞ்ச், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியது காடியின் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும். தடிமனானது காடிக்கு வெளியே பிதுங்கி நின்று கழன்று விழும். பெல்ட் காடியின் இரு சுவரையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு மட்டும் அறுந்த பழைய துண்டு உதவும்: கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோலா, பிளாஸ்டிக்கா என்று கேட்டால் நான் தோல் பக்கம். பிளாஸ்டிக் பெல்ட்டுக்கு முனைகளைச் சூடுகாட்டி உருக்கி ஒட்ட வேண்டியிருக்கும். புதிதாகச் செய்பவருக்கு அது கோணல்மாணலாகத்தான் வரும். தோலில் ஒரு குறை, மழைக்காலத்து ஈரத்தில் கொஞ்சம் தளரும். ஐப்பசியில் வழுக்கினால் பயப்பட வேண்டாம்.

வெட்டி இணைப்பது

இதை மெதுவாகச் செய்யுங்கள், நான் கெடுத்தது இங்கேதான். பெல்ட்டை முதலில் நூல் போன வழியிலேயே மேசை ஓட்டைகளில் நுழைத்துவிடுங்கள். வெளியே வைத்து இணைத்துவிட்டால் அப்புறம் உள்ளே போகாது, மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

முனைகளைக் கையால் இழுத்துப் பிடித்து, சந்திக்கும் இடத்தில் நேராக வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் இணைப்பில் இடைவெளி விழும். குறைத்து வெட்டிவிட்டால் தோல் வளராது. சந்தேகம் இருந்தால் கால் இஞ்ச் கூட விடுங்கள். முனையிலிருந்து கால் இஞ்ச் தள்ளி, தடிமனின் நடுவில் குத்தூசியால் துளையிடுங்கள். ஓரத்தில் குத்தினால் தோல் கிழிந்துவிடும். இரண்டு துளையும் ஒரே திசையில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட் முறுக்கிக்கொள்ளும்.

பெல்ட்டோடு வரும் கம்பிக் கொக்கியை ஒரு துளையில் நுழைத்துக் குறட்டால் மடக்கி, பிறகு மறுமுனையைக் கோத்து மடக்குங்கள். மடங்கிய கம்பி நுனிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தில் இடித்து "டக், டக்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், காடியும் தேயும்.

இறுக்கம் எவ்வளவு? மேசைக்குக் கீழே பெல்ட்டை ஒரு விரலால் அழுத்தினால் அரை இஞ்சுக்கு மேல் உள்ளே போக வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால் மிதி கனக்கும், கால் வலிக்கும். வழுக்காமல் ஓட்டும் அளவுக்கு எவ்வளவு தளர்வோ அவ்வளவும் நல்லது. இரண்டு வாரத்தில் புதுத் தோல் நீளும்; அப்போது கொக்கியைக் கழற்றி அரை இஞ்ச் வெட்டி மறுபடி மாட்டுங்கள்.

மோட்டார் வைத்த மிஷினுக்கு

மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் அது மேலும் கீழும் நகரும். அதை நடுவில் நிறுத்தி, கைச்சக்கரத்தையும் மோட்டாரின் சின்னச் சக்கரத்தையும் சுற்றி நூல் போட்டு அளங்கள். பிறகு இரு பக்கமும் நகர்த்த இடம் இருக்கும்.

கடினமான ரப்பர் பெல்ட் என்றால் அளந்த நீளமே வாங்குங்கள். இழுத்தால் நீளும் வகை என்றால் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாக. 15 இஞ்ச் வந்தால் பதிமூன்றரை. உள்பக்கம் பல் வைத்த பெல்ட்டைப் பார்த்துப் பல்சக்கரம் தேட வேண்டாம், அந்தப் பற்கள் சின்னச் சக்கரத்தில் பெல்ட் எளிதாக வளைவதற்குத்தான். இதிலும் இறுக்கம் கூடாது: மோட்டார் சூடாகும், மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் என்கிற உலோக வளையம் தேயும்.

எல்லாம் முடிந்ததும் மேசையின் அடிப்பலகையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: "எழுபதரை இஞ்ச், 5 மில்லி." அறுந்த பெல்ட்டின் நீளம் இல்லை, நூலின் நீளம்.