பழைய வேட்டைத் துவக்கின் விலையை ஒப்பிடுகிறீர்களா?

திருகோணமலையில் அப்பப்பாவின் தகரப்பெட்டிக்குள், மூலை கறையான் அரித்த லண்டன் துவக்கு விலைப்பட்டியல் ஒன்று கிடந்தது. யானை வேட்டைக்கான இரட்டைக்குழல் ரைபிளுக்கு எதிரே '50' என்றிருக்க, பவுண் என்றே கணக்குப் போட்டேன். பிழை! பெயர்பெற்ற லண்டன் துவக்குக்காரர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கினியில்தான் விலை சொல்வார்கள். பவுணுக்கு 20 ஷில்லிங், கினிக்கு 21. அப்படியானால் 50 கினி என்பது 52 பவுண் 10 ஷில்லிங்.

ரூபாயாக்குமுன் ஆண்டைப் பாருங்கள். 1914க்குச் சற்று முன் பவுண் 15 ரூபாய், 1930களில் 13 ரூபாய் சொச்சம்.

அப்புறம், இன்றைய ஏல விலையில் ஏலக்கூடத்தின் தரகும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பட்டியல்களில் சேர்த்தே போடுவார்கள், சிலவற்றில் இல்லை.