பழைய கேமரா லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள்
தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சையைத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு மூடியையும் கழற்றி, அபர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடியின் மேல்பூச்சை அந்தப் பூஞ்சை அரித்திருந்தால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. உள்ளே நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. அபர்ச்சரைத் திறந்து மூடும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம், வாங்கிய லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் போதும். அதை அளக்கச் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.