தேய்ந்த ரெட்ரோ ஃபான்ட்: ஒரே கீறல் இரண்டு இடத்தில் வேண்டாம்

போஸ்டர் தலைப்புக்குத் தடித்து ஒடுங்கிய, மை தேய்ந்தது போன்ற ரெட்ரோ ஃபான்ட் எடுக்கிறீர்களா? முதலில், ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். காஃபி என்று ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு எஃப், இரண்டு ஈ. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எழுத்துகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், இது கம்ப்யூட்டர் வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஃபான்ட்கள் பலவற்றில் ஷிஃப்ட் இல்லாமல் தட்டினாலும் பெரிய எழுத்துதான் வரும். தேய்மானம் மட்டும் வேறாக இருக்கும். அதனால் முதல் எஃப்பை ஷிஃப்ட்டோடும் அடுத்ததை ஷிஃப்ட் இல்லாமலும் தட்டுங்கள். அந்த வசதி இல்லையா, எழுத்தை அவுட்லைனாக, அதாவது கோடுகளைத் திருத்தக்கூடிய வெறும் வடிவமாக மாற்றி, ஒன்றில் மட்டும் சில கீறல்களை அடைத்துவிடுங்கள்.

இந்தத் தோற்றம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மர அச்செழுத்துகளிலிருந்து வந்தது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். குறுகிய தாளில் நீளமான பெயரை உயரமாகக் காட்டத்தான் எழுத்தை ஒடுக்கினார்கள். ஆகவே அதைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்காதீர்கள், அழகே போய்விடும். இடம் மிச்சமிருந்தால் அளவைக் கூட்டுங்கள்.

சின்ன அளவில் இந்தக் கீறல்கள் வெறும் அழுக்காகத்தான் தெரியும். தேதி, முகவரிக்கெல்லாம் சுத்தமான ஃபான்ட் போதும். அப்புறம், டீ-ஷர்ட் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் பொடிப் புள்ளிகளை முன்பே நீக்கிவிடுங்கள், மை இறங்கும் வலைத்துணியான மெஷ்ஷில் அவை நிற்காது. ஸ்டிக்கர் தாளில் எழுத்தை வெட்டியெடுக்கும் வினைல் கட்டிங்குக்கு மட்டும் இந்த ஃபான்ட் வேண்டவே வேண்டாம். ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டு வரும்.