ஹெட்லைட்டுக்குள் எல்இடி வளையம்: ஒட்டும் முன் ஒரு நிமிடம்

ஹெட்லைட்டுக்குள் வட்டமாக எரியும் எல்இடி வளையத்தை, அதாவது ஹாலோ வளையத்தை, மாட்டுவதில் வயரிங்கைவிட ஹெட்லைட்டைத் திறப்பதுதான் பெரிய தலைவலி. கண்ணாடி மாதிரி தெரியும் முன்மூடி பெரும்பாலும் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும், ஹீட் கன்னால் சுற்றிலும் மெதுவாகச் சூடு காட்டினால் அது இளகிவிடும், அப்புறம் ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பலாம். சில வண்டிகளில் சூட்டுக்கு இளகாத பசை போட்டிருப்பார்கள். அதோடு மல்லுக்கட்டினால் மூடி உடையும், விட்டுவிடுங்கள்.

வளையத்தை ஒட்ட சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம். அதன் ஆவி உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும், எவ்வளவு துடைத்தாலும் மனசு ஆறாது. எபாக்ஸி போதும். பல்பைச் சுற்றிப் பளபளக்கும் ரிஃப்ளெக்டரில் விரல் படக் கூடாது, அந்தப் பூச்சு தொட்டாலே கெடும்.

12 வோல்ட் பேட்டரி என்கிறோமே தவிர, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும். அதனால் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் எல்இடி டிரைவர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் வளையத்தின் ஆயுள் குறையும். பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுக்கிறீர்களா, சரி, நடுவில் சின்ன ஃபியூஸ் கட்டாயம்.

மூடியை ஒட்டும் முன் அரை மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பழைய பசையைச் சுரண்டிப் புதிது வையுங்கள், இல்லையென்றால் முதல் மழைக்கே உள்ளே பனி மூடும். நிறம் வெள்ளையே நல்லது. முன்பக்கம் சிவப்பு, நீலம் எரிவதைப் பல நாடுகளில் சட்டம் அனுமதிப்பதில்லை. திரும்ப மாட்டியதும் ஹெட்லைட் ஒளியைச் சுவரில் விழவிட்டு அதன் உயரத்தைச் சரிபாருங்கள்.