பழைய மோட்டார் படகை வீட்டிலேயே புதுப்பிக்க: முதலில் சுத்தியல், கடைசியில் பெயிண்ட்

எங்கள் படகைக் கெடுத்தவை இரண்டே இரண்டு திருகுகள். ஆழம் காட்டும் கருவியின் சென்சாரை மாட்டுவதற்காக யாரோ பின்பலகையின் (மோட்டாரைத் தாங்கும் பின்சுவரின்) அடியில் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார்கள். திருகைச் சுற்றிச் சீலன்ட் வைக்கவில்லை. அந்த ஓட்டைகள் வழியாக வருடக்கணக்கில் ஈரம் ஏறி, ஃபைபருக்குள் இருந்த ப்ளைவுட் முழுக்க அழுகிவிட்டது. வெளியில் இருந்து பார்த்தால் பளபளப்பு மங்கிய வெள்ளை ஃபைபர்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது.

படகு 14 அடி நீளம், 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார். எனக்கும் தம்பிக்கும் அதற்கு முன் படகு வேலை தெரியாது. சனி, ஞாயிறு மட்டும் வேலை பார்த்து ஒன்றரை வருடத்தில் தண்ணீரில் இறக்கினோம். அதில் நான்கு மாதம் வீணாகப் போனது. ஆர்வத்தில் படகின் உள்தரையைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டு, அப்புறம்தான் பின்பலகையைப் பார்த்தோம். அடித்த பெயிண்டோடு தரையை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் நான் இங்கே சொல்வது நாங்கள் செய்திருக்க வேண்டிய வரிசை.

தட்டிக் கேளுங்கள்

சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் போதும், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடிகூடப் போதும். பின்பலகை, தரை, அடிப்பாகம் என்று நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். மரம் அழுகிய இடத்திலும், ஃபைபர் மரத்தை விட்டுப் பிரிந்த இடத்திலும் ‘தொப்’ என்று அமுங்கும். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். சத்தம் மாறுகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எங்கள் படகில் அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, திருகு ஓட்டைகளில் தொடங்கி விசிறி மாதிரி மேலே விரிந்திருந்தது.

காதில் கேட்டதை உறுதி செய்ய 4 மி.மீ. ட்ரில் போடலாம். படகின் உள்பக்கத்தில் இருந்து போடுங்கள். வெளித்தோல் ஓட்டையாகாமல் இருக்க, ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மரமாக இருந்தால் வெளிறிய, காய்ந்த தூள் வரும். எங்களுக்கு வந்தது கறுத்த சேறு. பிட்டின் திருகு வரிகளில் அப்பிக்கொண்டு, மழையில் ஊறிய கட்டையின் புளித்த வாடையோடு வந்தது. பிட்டை வெளியே இழுத்ததும் ஓட்டையில் இருந்து ஒரு சொட்டுப் பழுப்பு நீர் மெதுவாக வழிந்தது. படகு தண்ணீரைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது, அது கிடந்தது தார்ப்பாய்க்கு அடியில்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மோட்டாரைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையில் கை வைத்துப் பார்க்கட்டும். பலகை அசைவது கையில் தெரிந்தால் உள்ளே மரம் போய்விட்டது.

பின்பலகையும் தரையும் அழுகியிருந்தால் நம்மால் செய்ய முடியும். ஏராவுக்கு (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக்கு) குறுக்காக ஆழமான விரிசல் இருந்தாலோ, அடிப்பாகம் முறுக்கிக்கொண்டு இருந்தாலோ, முதல் தடவை செய்பவர் அந்தப் படகை எடுக்க வேண்டாம் என்பேன்.

அறுக்கும் முன் படகை நேராக நிறுத்துங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபைபர் ஓடு மெல்லியது. தரையும் நீளவாட்டுக் கட்டைகளும்தான் அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஓடு தன் எடைக்கே தொய்யும். தொய்ந்தபடி புதுத் தரையைப் போட்டு, ஃபைபரை ஒட்டி இறுக்கும் திரவமான ரெசின் இறுகிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். அப்புறம் படகு வேகம் எடுக்கும்போது மூக்கைக் கீழே குத்தும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுக்கும்.

படகின் எடை ஏராவில் இறங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. அணியத்தில் (படகின் முன்முனையில்) இருந்து பின்பலகை வரை அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, பள்ளம் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்க விளிம்புகளுக்கும் இடையே குறுக்காக இரண்டு கட்டைகளைத் திருகி வையுங்கள். பிறகு அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சுவரில் எழுதுங்கள். வேலை முடிகிற வரை வாரம் ஒரு தடவை அதைச் சரிபார்த்தோம்.

பின்பலகையின் உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். அவுட்போர்டு மோட்டார்களில் அதிகம் பார்ப்பவை 15 அங்குல, 20 அங்குலத் தண்டு. மோட்டாரில் ப்ரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக வர வேண்டும். பழைய பலகையை உடைத்துப் போட்ட பிறகு இந்த அளவைத் தேடினால் கிடைக்காது.

அழுகலை எடுப்பது

தரையை ஓரத்தில் ஐந்து செ.மீ. விளிம்பு விட்டு அறுங்கள். புதுத் தரை அதில் உட்காரும். ரம்பத்தின் ஆழத்தைத் தரையின் கனத்துக்கு மட்டும் வையுங்கள், அடியில் இருப்பது படகின் வயிறு. தரைக்குக் கீழே மிதப்புக்கு அடைத்த ஃபோம் இருக்கலாம். எங்களுடையது நீர் குடித்து ஊறியிருந்தது. ஒரு சாக்கு ஃபோமைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ அல்லவா, மிதக்க வைக்க வேண்டிய பொருளே படகை அமுக்கிக்கொண்டிருந்தது. தேங்கிய நீர் வழிந்து பின்னால் போக வழி இல்லாததுதான் காரணம். புதிதாகக் கட்டும்போது ஒவ்வொரு அறையிலும் ஏரா ஓரமாக நீர் ஓட வழி விட்டோம்.

பின்பலகையில் உள்பக்கத் தோலை மட்டும் அறுத்து எடுத்து, வெளித்தோலை அப்படியே விட்டுவிடுங்கள். அழுகின மரம் உளியில் கட்டி கட்டியாக வரும். மேலே கொஞ்சம் நல்ல மரம் மிஞ்சியிருந்தால் அதை வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். வேண்டாம். முழுவதும் எடுத்துவிடுங்கள். பிறகு வெளித்தோலின் உள்பக்கத்தைக் கிரைண்டரால் சுத்தமான ஃபைபர் தெரிகிற வரை தேயுங்கள்.

தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, மூடிய கண்ணாடி, தூசிக்கான நல்ல மாஸ்க் எல்லாம் கட்டாயம். ரெசின் வேலைக்குத் தூசி மாஸ்க் உதவாது, ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். அடிப்பாகத்தில் இருக்கும் பழைய பாசித் தடுப்பு பெயிண்டில் நச்சு உலோகங்கள் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், கழிவைக் கீழே விரித்த ஷீட்டில் சேர்த்து எடுங்கள்.

ரெசின்: இங்கே அவசரப்படாதீர்கள்

இங்கே பேசுவது இரண்டு வகை ரெசின் பற்றி: பாலியெஸ்டர் மலிவு, எபாக்ஸி விலை அதிகம். பெரும்பாலான பழைய ஃபைபர் படகுகள் பாலியெஸ்டரில் செய்தவைதான். ஆனால் பழைய, இறுகிப்போன ஃபைபர் மீதும் மரத்தின் மீதும் எபாக்ஸி பிடிக்கும் பிடி வேறு. பழுதுபார்ப்புக்கு நான் எபாக்ஸியைத்தான் சொல்வேன். அதோடு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஃபைபர் மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவது மாதிரி எபாக்ஸியில் கரையாது. ஆகவே எபாக்ஸிக்கு நெய்த துணியோ, தைத்த பைஆக்சியல் (இரண்டு திசையில் இழை ஓடும்) துணியோ வாங்குங்கள். இன்னொன்று, எபாக்ஸி மேல் ஜெல்கோட் (படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) சரியாக ஒட்டாமல் போகலாம். அந்த இடத்துக்குப் பெயிண்ட்தான் நம்பகம்.

பாலியெஸ்டருக்கு ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கக் கலப்பதை) வெப்பத்துக்கு ஏற்ப 1 முதல் 2 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸிக்கு அது கூடவே கூடாது. டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதேதான். ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, சரியாக இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். கலந்ததை ஆழமான கப்பில் விட்டு வைக்காதீர்கள். ஒருநாள் அரை லிட்டரைக் கலந்து வைத்துவிட்டுத் துணி வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது கப் புகைந்துகொண்டிருந்தது, அடிப்பாகம் உருகித் தரையில் ஒட்டிவிட்டது. அதன் பிறகு சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்தினோம்.

எங்கள் பழைய பலகையின் கனம் 38 மி.மீ. அட்டையில் அச்சு வெட்டி, 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டை ஒட்டினோம், மீதிக் கனத்தை ஃபைபர் தந்தது. பிஎஸ் 1088 (மரைன் ப்ளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) என்று முத்திரை உள்ள ப்ளைவுட் கிடைத்தால் நல்லது. வெட்டிய ஓரங்கள்தான் ஈரம் குடிக்கும் வாய். அங்கே எபாக்ஸியைத் தடவுங்கள். பத்து நிமிடத்தில் உறிஞ்சியிருக்கும், மறுபடி தடவுங்கள். இனி உறிஞ்சாது என்ற நிலை வரும் வரை நிறுத்த வேண்டாம்.

பலகைக்கும் வெளித்தோலுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. எபாக்ஸியில் சிலிக்கா தூள் கலந்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கொண்டுவந்து, பல் வைத்த தகட்டால் இருபுறமும் இழுத்துத் தடவி, பலகையை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஓரமெல்லாம் கொஞ்சம் பிதுங்கி வந்தால் நிறைந்திருக்கிறது என்று தெரியும். அதிகமாக இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். உள்மூலைகளில் அதே கலவையை வளைவாகப் பூசுங்கள், இழைகள் கூர்மையான மூலையில் மடங்காது. துணி ஏறும் இடத்தில் பழைய ஃபைபரை ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் தேயுங்கள். 5 மி.மீ. கனம் என்றால் 60 மி.மீ. அகலம்.

இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம் வரலாம். உப்புத்தாள் போடும் முன் அதைத் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் அது உள்ளே பரவி, அடுத்த பூச்சு பிடிக்காமல் போகும்.

இனி திருகுகள். மோட்டார் போல்ட் முதல் சின்ன கொக்கி வரை, படகில் போடும் ஒவ்வொரு ஓட்டையையும் தேவைக்கு மேல் பெரிதாகத் துளையுங்கள், கெட்டியான எபாக்ஸியால் அடையுங்கள், இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இப்போது திருகைச் சுற்றி மரமே இல்லை, எபாக்ஸிதான். திருகுக்குச் சீலன்டும் வையுங்கள். ஒரு ஓட்டைக்கு ஒருநாள் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்கள் படகில் 46 ஓட்டைகள், ஒன்றைக்கூட விடவில்லை.

மோட்டார்

ரெசின் இறுகும் நாட்களில் இதைப் பாருங்கள். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கலாம். எங்களுடையது 112, 108 பிஎஸ்ஐ. அதைப் பார்த்த பிறகுதான் மோட்டாருக்குச் செலவு செய்தோம்.

தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரைக் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள். ரப்பர் சிறகுகள் வருடக்கணக்கில் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்தால் நிமிராது. எங்களுடையதில் ஒரு சிறகு முறிந்திருந்தது. முறிந்த துண்டு தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டு இருக்கும், அதைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே கிடைத்தது.

கியர் ஆயிலை வடியுங்கள். பால் போல வெளுத்து வந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். புது ஆயிலை அடி ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள். பழைய பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, எரிபொருள் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். எங்கள் மோட்டாருக்கு 50:1 கலவை, அதாவது லிட்டருக்கு 20 மில்லி ஆயில். உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். ஒரு நிமிடம்கூடத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. பெரிய டிரம்மில் நீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டினோம்.

மீதி வேலைகள்

வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய மரைன் வயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஃபியூஸ். பில்ஜ் பம்ப்புக்கு (அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப்) பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸோடு தனி வயர். மோட்டார் உள்ளே இருக்கும் பெட்ரோல் படகு என்றால் காரின் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அவற்றில் கிளம்பும் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ள.

கடைசியில் பெயிண்ட். வீட்டில் இரண்டு பாக பாலியூரித்தேனை ஸ்ப்ரே செய்ய வேண்டாம், அதன் துளிகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. ரோலரில் உருட்டி, பின்னாலேயே பிரஷ் நுனியால் லேசாக இழுத்துவிட்டாலே அழகாக வரும். மோட்டாருக்கு வரும் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோட் என்ற உலோகக் கட்டியின் மேல் மட்டும் பெயிண்ட் படக் கூடாது. கடல் நீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம் போடுங்கள்.

இறக்கும் நாளில் வடிகால் அடைப்பானை ஒருவர் மாட்டட்டும், இன்னொருவர் தொட்டுப் பார்க்கட்டும். கயிறு அவிழ்க்காமல் பத்து நிமிடம் மிதக்க விடுங்கள். நிறுத்துக் கயிற்றை (ஆள் விழுந்தால் மோட்டாரை அணைக்கும் கயிறு) உடம்பில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்ததும், மோட்டாரின் பின்னால் மெல்லிய நீர்த்தாரை வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் உடனே அணையுங்கள். தாரை வந்ததும் தம்பி கத்தினான். நான் தரை மூடியைத் திறந்து, பின்பலகையின் அடியில், அந்தப் பழைய திருகுகள் இருந்த இடத்தில், காகிதத்தை வைத்து அழுத்தித் துடைத்தேன். காகிதம் காய்ந்தபடியே வந்தது.